சில்வண்டு சகோதரிகளின் ஒரே பாட்டு

உங்கள் ஸ்டூடியோவைப் பார்க்க வரச் சொன்னீர்கள், வந்தேன். ஏசி குளிரில் உட்கார வைத்து நல்ல காபி கொடுத்தீர்கள். உங்களில் ஒரு பெண், கனத்த ஆண் குரல் ஒன்றை எடுத்து, கணினியில் எதையோ இழுத்துவிட்டு, ஐந்து வயதுக் குழந்தையின் குரலாக மாற்றிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். உங்கள் காலத்தில் இதை எப்படி சார் செய்தீர்கள் என்று அவர் கேட்டார். தெரியாமல் செய்தோம் அம்மா என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் செய்தோம். அதனால் மலையில் ஒரு பெண்ணின் குடும்பம் உடையப் பார்த்தது. அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஆனால் அடுத்த பாடகர் வந்து வெளியே காத்திருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். மைக்கை எங்கே வைப்பது, எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. சென்னையில் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றுக்கொண்டு, வாணியம்பாடியில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனிக்கு வேலைக்கு வந்திருந்தேன். முதலாளி தோல் வியாபாரி. ஊரில் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. பாட்டுப் பைத்தியம். தோல் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பதனிட்ட தோலைத் தொங்கவிட்டிருந்தோம். அந்த ஏற்பாடு சென்னையில்கூட இல்லாத அளவுக்கு நன்றாக வேலை செய்தது, ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒரு பாடகி கடைசிவரை மூக்கைப் பொத்திக்கொண்டே பாடிவிட்டுப் போனார். அந்த ரெக்கார்டும் விற்றது.

நாங்கள் போட்டதெல்லாம் வேடிக்கைப் பாட்டுகள்தான். தும்மிக்கொண்டே பாடுகிற பாட்டு, கண்டக்டர் விசிலை வைத்து ஒரு பாட்டு, மாமியாரும் மருமகளும் ஒரே மூச்சில் திட்டிக்கொள்கிற பாட்டு என்று. ஒரு பாட்டு திருவிழா மைக்செட்டில் ஒரு சீசன் ஓடினால் போதும், அதைப் பாடிய குழுவை யாரும் மறுபடி தேட மாட்டார்கள். தேடினாலும் கிடைக்காது. உறையில் விதவிதமான குழுப் பெயர்களை அச்சடிப்போம், உள்ளே எப்போதும் நான், ஆர்மோனியக்காரர், டோலக்காரர் மூவர்தான். நாங்கள் மூன்று பேரும் ஒரே வருஷத்தில் ஒன்பது குழுக்களாக இருந்திருக்கிறோம்.

தீர்த்தம்மாளை நான் ஆலங்காயம் சந்தையில் பார்த்தேன். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஏதோ ஒரு மலைக் கிராமம். புளி மூட்டையோடு இறங்கி வந்து, வியாபாரி வரும்வரை மூட்டைமேல் சாய்ந்துகொண்டு தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். பெண்களுக்கு அப்படி ஒரு கீழ்க்குரல் அமைவது அபூர்வம். சந்தை இரைச்சலுக்கு அடியில் அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். ரெக்கார்டு பிடிக்கிறோம், வந்து பாடுவீர்களா என்று கேட்டேன். அவருக்கு ரெக்கார்டு தெரியும், திருவிழாவில் பார்த்திருக்கிறார். புளியை விற்றதும் வர்றேன் என்றார்.

தோல் அறையில் நின்று அவர் பாடிய பாட்டு இது:

சாமக் கதிரு சாஞ்சிருச்சு மாமா
மேக்கால காத்து மாறிருச்சு
காப்பித் தோட்டம் போன காலு மாமா
காட்டு வழி எப்ப திரும்பும்

அவர் கணவர் சின்னாண்டி அப்போது குடகில் காப்பித் தோட்டத்து வேலையில் இருந்தார். மலையில் சாமை அறுத்ததும் ஆண்கள் பாதிப்பேர் அப்படித்தான் போவார்கள். அவருக்காகப் பாடுகிறார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி அடி முடிந்த இடத்தில் திடீரென்று ஒரு கூவல் கொடுத்தார். கீழே தொடங்கி, மேலே ஏறி, நடுவில் ஒரு முறை உடைந்து, மறுபடி ஏறி நின்றது. ஆர்மோனியக்காரர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். இன்னாம்மா இது என்று கேட்டேன். தீர்த்தம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: மலைச் சரிவில் விதைக்கிற ஒரு கொல்லைக்கும் இன்னொரு கொல்லைக்கும் நடுவில் பள்ளம் இருக்கும், நடந்துபோய்க் கூப்பிட முடியாது, அதனால் வீட்டுக்கு ஒரு கூவல். இவர் இந்தச் சரிவிலிருந்து கூவினால் எதிர்ச் சரிவிலிருக்கும் புருஷன் பதில் கூவுவார். அடுத்த வீட்டுக்காரன் காதில் விழுந்தாலும் பதில் கொடுக்க மாட்டான், அது அவனுக்கானது இல்லை. கொல்லையில் பாடும்போது பாட்டு முடிந்ததும் கூவித்தான் பழக்கம், கூவாமல் விட்டால் பாட்டு முடிந்த மாதிரியே இருக்காது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மலை ரோடு சரிந்து பஸ் நின்றுவிட்டது. ரோடு சரியாகும்வரை தீர்த்தம்மாள் பாய் வீட்டில் பெண்கள் பக்கம் தங்கினார். பாயின் மனைவி தன்னோடு படுக்க வைத்துக்கொண்டார், சமையலறையில் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். பஸ் விட்டதும் தீர்த்தம்மாள் போய்ட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டு மலை ஏறிவிட்டார்.

இனிமேல்தான் தப்பு வருகிறது. அந்தக் காலத்து ரெக்கார்டு பிளேயரில் வேகத்தை மாற்ற ஒரு நெம்பு இருக்கும். பெரிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து. ஆனால் சின்னத் தட்டிலேயே பாட்டை முப்பத்துமூன்றில் வெட்டிப் பதித்தால் கூடுதலாக ஒரு பாட்டு கொள்ளும். தீர்த்தம்மாளின் பாட்டை நான் அப்படித்தான் வெட்டச் சொல்லி பேக்டரிக்கு அனுப்பியிருந்தேன். மாதிரித் தட்டு வந்தது. பாய்க்கு எதிலும் பொறுமை கிடையாது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் எடுத்து மாட்டிவிட்டார். சின்னத் தட்டு, ஆகவே நாற்பத்தைந்து.

அறைக்குள் ஒரு குட்டிப் பிசாசு புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. கீச்சென்ற ஒரு குரல் மூச்சு விடாமல் ஓடியது. டோலக் பொரிந்து தள்ளியது. கடைசி அடி முடிந்ததும் அந்தக் கூவல் வந்தது பாருங்கள், மிதிபட்ட எலி கத்திய மாதிரி இருந்தது. ஆர்மோனியக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கிடங்கில் தோல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து சிரித்தார்கள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பாய், வேகம் தப்பு என்று நான் சொன்னபோது அவர் நெம்பைத் தொடவிடவில்லை. உறையில் நாற்பத்தைந்து என்று அச்சடிக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் தந்திரம். பாடியவர்கள் பெயர் சில்வண்டு சகோதரிகள் என்று போட்டார். ஆளே ஒருவர்தான், அக்கா தங்கை எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டதற்கு, ஒருத்தி என்று போட்டால் யார் என்று கேட்பார்கள், சகோதரிகள் என்றால் ஏதோ குடும்பம் என்று விட்டுவிடுவார்கள் என்றார்.

அந்தத் தட்டு ஓடியது ஓடியதுதான். ஆலங்காயத்திலிருந்து செங்கம் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் அதுதான் பாட்டு. கல்யாண வீட்டு மைக்செட் குழாயிலும் அதுவே. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் தெருவில் ஒருவரையொருவர் அந்த எலிக் கூவலால் கூப்பிட்டுக்கொண்டன. சகோதரிகளைக் கச்சேரிக்கு அனுப்புங்கள் என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று நான் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைத்தவர்களையெல்லாம் பாட வைத்து, முப்பத்துமூன்றில் வெட்டி நாற்பத்தைந்தில் ஓட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. நீங்களும் ஒரு பாட்டு ஓடியதும் அதே சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அலைவீர்கள், அலைந்து பாருங்கள்.

ஒரு நாள் காலை கிடங்கு வாசலில் தீர்த்தம்மாள் நின்றுகொண்டிருந்தார். முந்தானையில் எதையோ மூடி வைத்திருந்தார். உள்ளே வந்து பிரித்தபோது எங்கள் தட்டு. ரெக்கார்டு வந்தால் தருகிறேன் என்று நான் சொன்னதை நம்பிக் காத்திருந்து பார்த்து, கடைசியில் சந்தையில் தானே பாட்டு வரியைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் எங்க போய்ட்டு வந்தேன்னு கேக்குறாங்க சாரு. பாடப் போனேன்னு சொன்னா, இந்தத் தட்டைப் போட்டுக் காட்டுறாங்க. இதுல என் கொரலு எங்க கீது, சொல்லுங்க.”

அவர் மெதுவாக மற்றதையும் சொன்னார். புருஷன் வெளியூரில் இருந்தபோது பொண்டாட்டி ராத்திரி வீடு திரும்பாமல் கீழ்நாட்டில் தங்கியிருக்கிறாள். கேட்டால் பாட்டு பாடினேன் என்கிறாள். பாட்டைப் போட்டால் யாரோ சின்னப் பெண் கீச்சிடுகிறாள், உறையில் வேறு யாரோ சகோதரிகள் பெயர். ஊர் இன்னா நினைக்கும்? சின்னாண்டி குடகிலிருந்து வந்து இதைக் கேட்டதிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டார். காளியம்மன் திருவிழாவுக்கு எல்லா ஊர்க்காரர்களும் கூடும்போது ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் விசாரித்து முடிவு சொல்லப்போகிறார். பொய் என்று ஆனால் கல்யாணத்தைத் தீர்த்து விட்டுவிடுவார்கள், மகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு இவர் அப்பன் வீட்டுக்குப் போக வேண்டும்.

“அடிச்சாகூடப் பரவால்லீங்க. கொல்லையிலருந்து நான் கூவுனா பதிலு குடுக்க மாட்டேன்றாரு. எதிர்லயே நிக்கிறாரு, கேக்குது அவருக்கு. நானும் தெனம் கூவுறேன்.”

என் குரலைப் பிடித்து வைத்தீர்களே, அந்த நாடாவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டுங்கள் என்றார். நாடா இல்லை. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளில் ஒரு நாடாவை அழித்து அழித்துப் பத்துப் பாட்டு பிடிப்போம். அவர் குரல்மேல் இப்போது ஒரு தும்மல் பாட்டு இருந்தது. அவருடைய குரல் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் நாங்கள் விற்ற அந்தத் தட்டுதான். நல்லவேளையாக அது அதற்குள் முழுசாகவே இருந்தது. முப்பத்துமூன்றில் ஓட்டினால் போதும். எங்கள் பிளேயரில் போட்டுக் காட்டினேன். தன் குரலை முதல் முறையாக வெளியிலிருந்து கேட்டவர், வாயில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வியாபாரி. ரகசியம் மலையில் உடைந்தால் சந்தையில் உடையும், சந்தையில் உடைந்தால் எவனும் வீட்டில் முப்பத்துமூன்றில் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று தூக்கிப் போட்டுவிடுவான் என்றார். திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, ஏனென்றால் அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“அந்தப் பொண்ணு என் பக்கத்துல படுத்துத் தூங்குச்சு. அதுக்காவ ஆளு அனுப்பலன்னா நானே புர்கா போட்டுக்கினு மலை ஏறுவேன்.”

பாய் என்னைப் பார்த்தார். ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கம்பெனி பிளேயரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆலங்காயத்தில் ஜீப் ஏறினேன். ஆறு பேர் உட்காரும் ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்காதீர்கள். ஆடுகளும் இருந்தன, திருவிழாவுக்குப் போகிற ஆடுகள். ஒரு கொண்டை ஊசி வளைவில் மொத்த ஜீப்பும் என் மடியில் சாய்ந்தது. மேலே போய் இறங்கித் துணியைப் பிரித்துப் பார்த்தபோது பிளேயரின் ஊசிக்கை முறிந்து தொங்கியது.

திருவிழாவுக்கு மைக்செட் கட்டியிருந்தவரிடம் ஒரு பிளேயர் இருக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். இருந்தது. பேட்டரியில் ஓடுகிற பழைய பெட்டி. ஆனால் நெம்பு நாற்பத்தைந்தில் இறுகிப்போய்க் கிடந்தது. திருவிழாவில் போடுவதெல்லாம் சின்னத் தட்டுதானே சார், அதை நகர்த்தியே வருஷக்கணக்காச்சு என்றார் மைக்செட்காரர். நானும் அவரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம். இன்னும் இழுத்தால் பெட்டியே வந்துவிடும் போலிருந்தது. அதற்குள் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கோயிலுக்கு முன்னால் பலா மரத்தடியில் கூட்டம். ஊர்க்கவுண்டர் நடுவயதுக்காரர், திருவிழா வேலையெல்லாம் அவர் தலையில், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் முகத்திலேயே தெரிந்தது. ஒரு பக்கம் பெண்களோடு தீர்த்தம்மாள், பக்கத்தில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மகள். சின்னாண்டி கூட்டத்தில் உட்காரவில்லை. தள்ளி, பாறைக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே பள்ளத்தைப் பார்த்து நின்றிருந்தார்.

“கீழ்நாட்டுக்காரரே, நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ணு அன்னிக்கு எங்க இருந்துச்சு?” என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

வழி முழுக்க நான் பதிலைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தேன். பாய் வீடு, அவர் மனைவி, மழை, ரோடு என்று எல்லாம் உண்மை, எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. வாயைத் திறக்கும்போது கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாக் கண்ணும் என்மேல். முப்பது வயதைத் தாண்டாத ஓர் ஆண், மடிப்புக் கலையாத சட்டை, டவுன் செருப்பு. இந்த ஆள் பேசப் பேச, இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்ற கேள்வி வளரும். நான் எவ்வளவு நன்றாகப் பேசுகிறேனோ அவ்வளவுக்குத் தீர்த்தம்மாள் கெடுவார். சின்னாண்டியின் முதுகு ஏற்கெனவே விறைத்திருந்தது. சென்னையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார், சிடுமூஞ்சி. ரெக்கார்டிஸ்டுக்குக் கடவுள் காதை மட்டும்தான் கொடுத்தார், வாய் சோறு தின்ன என்று திட்டுவார். அவருக்கு அரட்டை பிடிக்காது என்பதற்காகச் சொன்னது அது. அந்த நிமிஷம் எனக்கு அது பயன்பட்டது.

நான் சொல்ல ஒன்றுமில்லைங்க, பாட்டு போடுகிறேன், நீங்களே கேளுங்க என்று மட்டும் சொன்னேன்.

அதைத்தான் தினமும் கேட்கிறோமே என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. நான் பெட்டிமுன் உட்கார்ந்து தட்டை மாட்டினேன். ஊசி விழுந்ததும் அதே குட்டிப் பிசாசு குழாய் வழியாக மலை முழுக்கக் கீச்சிட்டது. பிள்ளைகள் குதித்தன. தட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினேன்.

தட்டு தடுமாறியது. குரல் சரிந்து எருமை உறுமுகிற மாதிரி ஆயிற்று. கூட்டம் இன்னும் சத்தமாகச் சிரித்தது. விரலைத் தளர்த்தினால் கீச்சு, அழுத்தினால் எருமை. நடுவில் எங்கோ முப்பத்துமூன்று இருக்கிறது, எங்கே என்று என் விரலுக்குத் தெரியவில்லை. அளந்து சொல்லக் கருவி இல்லை. தவறான வேகத்தில் வருகிற எந்தக் குரலும் வேறு யாரோ ஒருவருடைய குரல்தான். ஊர்க்கவுண்டர் போதும் என்று கையைத் தூக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அங்கே கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தலையைத் தூக்காமலே, தீர்த்தம்மா, பாடுங்க என்றேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு நின்ற இடத்திலிருந்தே, கொல்லையில் பாடுகிற மாதிரி, சாதாரணமாக எடுத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குரலை ஒரு காதில் பிடித்துக்கொண்டு, குழாயில் வருகிறதை அதற்குப் பக்கத்தில் கொண்டுவரப் பார்த்தேன். கொஞ்சம் மேலே இருந்தது, அழுத்தினேன். கீழே போனது, விட்டேன். இரண்டும் உரசிக்கொண்டு அதிர்ந்தன, நெருங்கின, விலகின. சாமக் கதிரு சாஞ்சிருச்சு வரியில் எங்கோ ஒரு இடத்தில் அந்த அதிர்வு நின்றுபோய், இரண்டு குரலும் ஒரே குரலாயின. விரலை அப்படியே வைத்திருந்தேன். நகம் எரிந்தது. பரவாயில்லை, எரியட்டும்.

சிரிப்பு நின்றிருந்தது. டோலக் நடக்கிற வேகத்தில் அடித்தது. ஊர் மொத்தமும் இத்தனை மாதமாகச் சிரித்துக் குதித்த பாட்டு இதுதான் என்பதை ஒவ்வொருவராகப் புரிந்துகொள்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஊரில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் அனுப்பாத வீடு இல்லை. பெண்கள் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆனாலும் சந்தேகப்பட நினைக்கிறவன் சந்தேகப்படலாம், டவுன்காரன் விரலை வைத்து ஏதோ வித்தை காட்டுகிறான் என்று சொல்லலாம். முன்வரிசையில் ஒருவர் அப்படிச் சொல்லவும் வாயெடுத்தார்.

காப்பித் தோட்டம் போன காலு மாமா, காட்டு வழி எப்ப திரும்பும். தீர்த்தம்மாளுக்கு அதற்குமேல் பாட முடியவில்லை. பாறைப் பக்கம் பார்த்தபடி நிறுத்திவிட்டார். தட்டு நிற்கவில்லை. குழாயிலிருந்து அந்தக் கூவல் கிளம்பியது. கீழே தொடங்கி, மேலே ஏறி, நடுவில் ஒரு முறை உடைந்து, மறுபடி ஏறிப் பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர்ச் சரிவில் பட்டது.

பாறைப் பக்கமிருந்து பதில் கூவல் வந்தது.

மேலே தொடங்கிக் கீழே இறங்குகிற கூவல். சின்னாண்டி யோசித்துக் கொடுத்தது இல்லை அது. பத்துப் பதினைந்து வருஷமாக அந்தக் குரலுக்குப் பதில் கொடுத்த தொண்டை, ஆளைக் கேட்காமல் தானாகக் கொடுத்துவிட்டது. கூவி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை வாயருகே வைத்தபடியே திரும்பினார். மொத்த ஊரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். ஊர்க்கவுண்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“அவனே பதிலு குடுத்துட்டான். இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?” என்று சொல்லிவிட்டுப் பொங்கல் வைக்க நேரமாகிறது என்று கிளம்பினார்.

சின்னாண்டி பாறையிலிருந்து இறங்கி வந்தார். தீர்த்தம்மாளிடம் போகாமல் நேராகப் பெட்டியிடம் வந்து குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார். இதுக்குள்ளயா இருந்துச்சு என்று கேட்டார். ஆமாங்க, எப்பவும் இதுக்குள்ளதான் இருந்துச்சு என்றேன். அதன் பிறகுதான் மனைவி நின்ற பக்கம் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மகள் அம்மாவின் முழங்கையை விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், அதைத்தான் பார்த்தேன்.

நீங்கள் இன்று ஒரு இழுப்பில் எந்தக் குரலையும் எதுவாகவும் மாற்றலாம். மாற்றுங்கள், ஜனங்களைச் சிரிக்க வையுங்கள், அது ஒன்றும் பாவமில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அசலை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள், யாருடைய குரல் என்று எழுதி வையுங்கள். நாங்கள் பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை, எங்கள் தட்டு அசலை அழிக்காமல் வேகமாக மட்டும் ஓட்டியது, அதனால் பிழைத்தோம். உங்கள் கணினி அந்த அளவு இரக்கம் காட்டுமா என்று எனக்குச் சந்தேகம். ரகசியம் உடைந்ததும் பாய் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் அதே தட்டை வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை என்று போட ஆரம்பித்தார்கள். அடுத்த முறை அச்சடித்தபோது உறையில் சகோதரிகளை எடுத்துவிட்டுத் தீர்த்தம்மாள் என்று போடச் சொன்னவர் பாயின் மனைவி.

அன்று பலா மரத்தடியில் நான் விரலை ஊதிக்கொண்டு தட்டைக் கழற்றப் போனேன். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு விடவில்லை. வேகமாப் போடுங்க, வேகமாப் போடுங்க என்று ஒரே சத்தம். எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கீச்சுக் குரலை அவர்கள் முன்னால் எப்படிப் போடுவது என்று தீர்த்தம்மாளைப் பார்த்தேன். அவர் போடுங்க என்று தலையசைத்தார். ஊசியை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். சில்வண்டு சகோதரிகள் தலைதெறிக்க ஓடி வந்து, பாட்டின் முடிவில் அந்த எலிக் கூவலைக் கூவினார்கள். முதலில் சிரித்தது சின்னாண்டி. பிறகு, வேண்டுமென்றே, அதைவிடக் கீச்சாகக் குரலை வைத்துக்கொண்டு அதற்கும் பதில் கூவினார்.